ஆத்தா பேரில் ஒரு வண்டு

தாயி,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. தபால்காரர் வாசலில் நின்றபடியே, "கல்கத்தாவுல இருந்துங்க, தடியா இருக்கு, கல்யாணச் சேதியா?" என்று கேட்டார். இருந்தாலும் இருக்கும் என்று ஆசையாகத்தான் வாங்கினேன். எனக்கு இடது கண்ணில் புரை முற்றிவிட்டது, வலது கண்ணும் அதே வழிக்கு வந்துகொண்டிருக்கிறது. மூக்குக்கண்ணாடிக்கு மேல் பழைய கைலென்ஸையும் பிடித்துக்கொண்டு எழுத்து எழுத்தாகப் படித்தேன். மூன்றாம் பக்கத்தில் அந்த வரி இருந்தது. "அந்த வண்டு புது இனம்னு பேராசிரியரே ஒத்துக்கிட்டார் அப்பா. ஆத்தா பேரையே வைக்கிறேன். அடுத்த மாசம் அச்சுக்குப் போகுது." அதற்கு மேல் படிக்க முடியவில்லை. சந்தோஷத்தில் என்று நினைத்துவிடாதே. கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சாயங்காலம் வரைக்கும் சோறு தின்னாமல் உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்து வீட்டு டீச்சரிடம் சொன்னால் அழகாக எழுதிக் கொடுத்துவிடுவார். ஆனால் இதில் இருப்பதை இன்னொருவர் காதில் போட எனக்குத் தைரியம் இல்லை. அதனால்தான் கோணல்மாணலாக நானே எழுதுகிறேன். ஒரு வரிக்கு மேல் இன்னொரு வரி ஏறியிருந்தால் பொறுத்துக்கொண்டு படி. சுற்றி வளைத்துச் சொல்லவும் எனக்கு வராது. தாயி, அந்த வண்டின் மீசை அதனுடையது இல்லை. வேறு ஒரு வண்டின் மீசையை எடுத்து நான் ஒட்டினேன். உன் ஆத்தா செத்த நாலாம் நாள் ஒட்டினேன். இத்தனை வருஷமாக உன்னிடம் சொல்லவில்லை.

இதைப் படித்ததும் உனக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நீ எழுதியிருந்ததை அப்படியே திருப்பிச் சொல்கிறேன் பார். கழுத்துப் பட்டையின் பின்மூலை, அதில் ஓடும் இரட்டை வரம்பு, இறக்கை மூடியில் உள்ள கோடுகள், கோட்டுக்குள் இருக்கும் குழிப்புள்ளிகள், கால் நகம், நெஞ்சு முள்ளின் வளைவு எல்லாமே நம் பக்கத்து மரக்கட்டைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் சொடக்கு வண்டோடு அச்சு அசலாக ஒத்துப்போகிறது, மீசை ஒன்றுதான் வேறு என்று எழுதியிருந்தாய். அந்த இனத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ரம்பப் பல் மாதிரி மீசைதான், இதற்கோ சீப்பு மாதிரி இருக்கிறது, வயிற்று நுனியைப் பிரித்துப் பார்த்தால் இது பெண், பெண் வண்டுக்குச் சீப்பு மீசை என்பது இந்த வகையில் யாருமே கண்டிராதது என்று அடிக்கோடு வேறு போட்டிருந்தாய். நீ கண்டதெல்லாம் சரிதான். நான் ஒட்டியது ஒரு மலைப்பக்கத்து ஆண் வண்டின் மீசை. ஆணின் மீசையைப் பிடுங்கிப் பெண்ணுக்கு வைத்திருக்கிறேன். வேறு சமயமாக இருந்தால் நீயும் நானும் சேர்ந்தே சிரித்திருப்போம். உன் வேலை நிரந்தரமாவது இந்தக் கட்டுரையை நம்பித்தான் இருக்கிறது என்று நாலாம் பக்கத்தில் எழுதியிருந்தாய். அதையும் மறுநாள் படித்தேன்.

சமஸ்தானம் மெட்ராஸோடு சேர்ந்த மறு வருஷம் எனக்குப் புதுக்கோட்டையில் காலேஜ் அட்டெண்டர் வேலை கிடைத்தது உனக்குத் தெரியும். விலங்கியல் லேப். தவளை பிடித்துக் கொடுப்பது, ஜாடிகளில் ஸ்பிரிட் மாற்றுவது, பூச்சிகளை ஊசியில் குத்திப் பெட்டியில் வரிசையாக வைப்பது. எட்டாவது தாண்டாதவனுக்கு அந்த வேலை கிடைத்ததே பெரிய விஷயம். வண்டு என்றால் வலது இறக்கை மூடியில்தான் ஊசி இறங்கவேண்டும். நடுவில் இறக்கினால் பார்க்கவேண்டிய அடையாளம் எல்லாம் கெட்டுப்போகும். சொடக்கு வண்டில் இன்னும் கவனம் வேண்டும். மல்லாக்கப் போட்டால் உடம்பை வளைத்து டக்கென்று சொடக்குப் போட்டு எகிறுமே, அதற்கு நெஞ்சடியில் ஒரு முள்ளும் அது போய் விழ ஒரு குழியும் உண்டு. அந்த முள்ளும் குழியும் இருந்தால் அது சொடக்கு வண்டுக் குடும்பம், அதில் சந்தேகமே இல்லை. அதில் எந்த இனம் என்று பிரிப்பதில்தான் லெக்சரர்களுக்கே தலை சுற்றும். எல்லாம் ஒரே மாதிரி நீளமாக, ஒடுக்கமாக, மரப்பட்டை நிறத்தில் இருக்கும். எங்கள் லேபில் ஒரு ஒழுங்கு வைத்திருந்தோம். முதலில் கழுத்துப் பட்டை, பிறகு இறக்கை மூடி, பிறகு அடிப்பக்கம், பிறகு நகம். மீசை கடைசி. ஏனென்றால் செத்துக் காய்ந்த வண்டில் முதலில் ஒடிவது மீசைதான். ஒடிந்தால் கருவேலம்பிசினைக் கரைத்து ஊசி முனையில் தொட்டு அதே இடத்தில் ஒட்டி வைப்போம். அது தப்பு இல்லை, எல்லா லேபிலும் உள்ள வழக்கம். உன் கண்ணிலும் அந்தப் பிசின் பட்டிருக்கும். ஒடிந்த மீசையை அப்பா ஒட்டி வைத்திருக்கிறார் என்று நினைத்திருப்பாய். அதன் மீசையை விட்டுவிட்டு வேறொன்றின் மீசையை ஒட்டியிருப்பேன் என்று உனக்கு எப்படித் தோன்றும்?

உன் ஆத்தா மாரிக்கண்ணுவுக்கு நான் செய்த வேலையைக் கண்டால் இளக்காரம். "ஒரு ஆம்பள ஊரைவிட்டு ஊரு வந்து வண்டு குத்துறதுக்குச் சம்பளம் வாங்குறாரு" என்று உன் மாமாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். ஆனால் உனக்குப் பத்து வயது ஆனபோது நீயும் தீப்பெட்டியில் வண்டு அடைக்க ஆரம்பித்தாய், அதற்கு மட்டும் அவள் சிரிக்கவில்லை. அந்த வருஷம் கோடை லீவுக்குக் கந்தர்வக்கோட்டைப் பக்கம் அவள் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தோம். அவளுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். "ஒடம்பு அனலாக் கொதிக்குதுங்க, புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போயிருவமா?" என்று கேட்டாள். "திங்கக்கிழமை எப்படியும் திரும்பத்தான போறோம், அதுக்குள்ள என்ன அவசரம்?" என்றேன். காய்ச்சலோடு முந்திரிக்காட்டுக்குப் போய் விறகு பிளந்தாள். உளுத்துப்போன ஒரு முந்திரிக் கட்டையைக் கோடரியால் தட்டியதும் உள்ளேயிருந்து இந்த வண்டு விழுந்து, மல்லாந்து, சொடக்குப் போட்டு அவள் மார்மேல் எகிறியிருக்கிறது. தைல டப்பாவில் போட்டு முந்தானையில் முடிந்து கொண்டுவந்தாள். "இந்தா, ஒனக்குத்தான் புடிச்சாந்தேன். ஒங்கப்பாகிட்ட குடுத்துறாத, குத்திப்புடுவாரு" என்று உன் கையில் கொடுத்தாள். அன்றைக்குச் சாயங்காலம் நீ முற்றத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு அதை உன் நோட்டில் வரைந்தாய். திங்கட்கிழமை பஸ்ஸில் அவளை என் தோளில் சாய்த்துத்தான் கொண்டுவந்தேன். விஷக்காய்ச்சல் முற்றிவிட்டது என்று டாக்டர் சொன்னார். ஒன்பதாம் நாள் போய்விட்டாள்.

மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு வந்தோம். வீடு முழுக்கச் சாதிசனம். உன் அத்தைமார் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். நீ அழவில்லை. சாப்பிடவும் இல்லை. உள்ளறை மூலையில் அந்த டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, காய்ந்துபோன வண்டையே பார்த்துக்கொண்டிருந்தாய். ஒருத்தி என் காதுபடவே, "பெத்தவ செத்து மூணு நாளு ஆகல, பிள்ளைக்கு வண்டு கேக்குது பாரேன்" என்றாள். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. நேரே வந்தேன். "ஆத்தாளையே தூக்கிக் குடுத்துட்டு நிக்கிறோம், சனியன் புடிச்ச வண்டு ஒனக்கு இப்பக் கேக்குதா?" என்று கத்திக்கொண்டு டப்பாவை ஓங்கி அடித்தேன். அது சுவரில் மோதி விழுந்தது. நீ எழுந்து கொல்லைக்கு ஓடினாய். அந்தக் கோபம் உன் மேல் இல்லை தாயி. திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னவன் மேல்தான். அவனை அடிக்க முடியாமல்தான் டப்பாவை அடித்தேன். இதெல்லாம் யோசித்து யோசித்து ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்கே பிடிபட்டது. அன்றைக்குப் பிடிபடவில்லை.

எல்லாரும் சாப்பிடப் போனபிறகு மண்டிபோட்டுத் தேடினேன். வண்டு உடம்பு முழுசாகக் கிடைத்தது. மீசை இரண்டும் வேரோடு போயிருந்தது. தரையைத் துழாவிப் பார்த்தேன், விளக்குமாற்றுக் குப்பையைக் கிளறிப் பார்த்தேன். சுவரோரமாக எறும்புச் சாரை போய்க்கொண்டிருந்தது, அதுதான் தூக்கிக்கொண்டு போயிருக்கும். உன் ஆத்தா கடைசியாக உனக்குக் கொடுத்த பொருள் அது. அதை மொட்டையாக உன்னிடம் கொடுக்க எனக்கு முடியவில்லை. மறுநாள் காலையில் லேபுக்குப் போனேன். வயிற்றை அந்துப்பூச்சி அரித்துவிட்டது என்று குப்பைக்கு ஒதுக்கி வைத்திருந்த, மலைப்பக்கத்திலிருந்து வந்த ஒரு ஆண் சொடக்கு வண்டு இருந்தது. அதன் மீசை மட்டும்தான் நன்றாக இருந்தது. அது சீப்பு மாதிரி இருக்கிறது என்பது என் கண்ணில் படாமல் இல்லை. உன் வண்டின் மீசை எப்படி இருந்தது என்று நான் கவனித்ததே இல்லை, தாயி. அது எந்த இனமாக இருந்தால் எனக்கென்ன என்று இருந்துவிட்டேன். சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியப்போகிறது, மீசை இருந்தால் போதும் என்று ஒட்டினேன். அவ்வளவு சுத்தமாக ஒட்டினேன். என் ஆயுசிலேயே அதைவிட நேர்த்தியாக ஒரு வேலை செய்ததில்லை.

சாயங்காலம் வந்து, "இந்தா, ஒண்ணும் ஆகல பாரு" என்று நீட்டினேன். வாங்கிப் பார்த்தாய். ரொம்ப நேரம் பார்த்தாய். "அப்பா, இதுக்கு மீசை இப்புடி இல்லையே. பல்லுப் பல்லாத்தான இருந்துச்சு?" என்றாய். நான் இல்லை என்று சொன்னேன். "நான் எண்ணிப் பாத்தேன்ப்பா" என்றாய். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒடிந்துபோச்சு தாயி, அப்பாதான் ஒடிச்சேன், மன்னிச்சிரு என்று ஒரே வார்த்தை. "இப்புடித்தான் இருந்துச்சு. நீதான் சரியாப் பாக்கல" என்று சொன்னேன். நீ என் முகத்தைப் பார்த்தாய், வண்டைப் பார்த்தாய், தலையை ஆட்டினாய். அதற்குப் பிறகு அதைப் பற்றி நீ ஒரு நாளும் கேட்கவில்லை. நானும் மறந்தவன் மாதிரி இருந்தேன்.

நீ படித்தாய். காலேஜில் நான் ஜாடி கழுவிய அதே லேபில் உட்கார்ந்து படித்தாய். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கல்கத்தாவுக்குப் போனபோது அந்த வண்டையும் கொண்டுபோனாய். ரயிலடியில் அதைப் பார்த்தேன். தடுத்திருக்கலாம். ஆத்தா ஞாபகத்துக்கு வைத்திருக்கப்போகிறாள், அதில் என்ன வந்துவிடப்போகிறது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். இப்போது நீ எழுதியிருக்கிறாய், கட்டுரையின் முதல் பக்கத்தில் எனக்கு நன்றி போடுகிறாயாம். "சின்ன வயசில் 'நீதான் சரியாப் பாக்கல'ன்னு ஒரு வார்த்தை சொன்னீங்க அப்பா. அதுக்கப்புறம் எதையும் ரெண்டு தடவை பாக்காம நான் நம்புனதே இல்லை. அந்த வார்த்தைக்குத்தான் நன்றி." தாயி, இதைப் படித்தபோது எனக்கு இருந்த நிலையை எப்படி எழுதுவது? செருப்பால் அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

நாலு நாள் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். யாருக்குத் தெரியப்போகிறது? என்னோடு சேர்ந்து சுடுகாட்டுக்குப் போய்விடும். மாரிக்கண்ணுவின் பேர் ஏதோ ஒரு புத்தகத்தில் உலகம் உள்ளளவும் இருக்கும். கூலிக்குக் கடலை பிடுங்கியவள் பேர். அவளுக்கு நான் வேறு என்ன செய்தேன்? இப்படியெல்லாம் கணக்குப் போட்டேன். அஞ்சாம் நாள் மனசு கேட்காமல் கந்தர்வக்கோட்டைக்கு பஸ் ஏறினேன். ஒருவேளை அந்தக் காட்டில் சீப்பு மீசைக்காரி நிஜமாகவே இருந்துவிட்டால்? கிழவனுக்கு வந்த பேராசையைப் பார்.

உன் மாமா என்னைக் கண்டதும் பதறிவிட்டார். "என்ன மச்சான், கண்ணு தெரியாத ஆளு தனியாவா வந்தீங்க? வெறகு வேணும்னா ஒரு வார்த்தை சொல்லிவிட்டா நான் வண்டியில ஏத்தி அனுப்ப மாட்டேனா?" என்றார். விறகு இல்லை, வண்டு என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கோடரியை எடுத்துக்கொண்டு வந்தார். ரெண்டு நாள் உளுத்த முந்திரிக் கட்டை ஒன்று விடாமல் பிளந்தார். ஏழு வண்டு கிடைத்தது. எனக்கு மீசை தெரியவில்லை. லென்ஸை அவர் கையில் கொடுத்து, "சீப்பு மாதிரி இருக்கா, ரம்பம் மாதிரி இருக்கா, நல்லாப் பாத்துச் சொல்லு" என்றேன். ஒவ்வொன்றையும் வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "ரம்பம்தான் மச்சான். இதுவும் ரம்பம்தான். சீப்பெல்லாம் ஒண்ணுலயும் கெடையாது." ஏழுக்கும் அதையே சொன்னார். கடைசி வண்டை என் உள்ளங்கையில் மல்லாக்க வைத்தார். டக்கென்று எகிறியது. அவள் இல்லாத வீட்டுக்குத் திரும்பி வந்து படுத்தபிறகும் அந்தச் சத்தம் என் காதை விட்டுப் போகவில்லை.

அதனால் சொல்கிறேன், தாயி, அச்சுக்குப் போவதை நிறுத்து. பேராசிரியரிடம் என் பேரைச் சொல், என் அப்பன் செய்த வேலை என்று சொல். வேண்டுமானால் இந்தக் கடிதத்தையே காட்டு. சந்தேகம் இருந்தால் வெந்நீரில் பஞ்சை நனைத்து மீசையின் அடியில் கொஞ்ச நேரம் வை. கருவேலம்பிசின் இளகிக் கழன்று வந்துவிடும், எத்தனை வருஷம் ஆனாலும் வரும். வேலை போனால் என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியவில்லை. போகாது என்று பொய்த் தைரியம் சொல்லவும் மாட்டேன், பொய் சொல்லித்தான் இந்தக் கதி. ஆனால் அச்சில் வந்துவிட்டால் நாளைக்கு எவனாவது படித்துவிட்டு நம் காட்டுக்கு வருவான். வருஷக்கணக்காகக் கட்டையைப் பிளப்பான். கிடைக்காது. அப்போது மாரிக்கண்ணு பேரையும் உன் பேரையும் சேர்த்துத்தான் பேசுவான். உன் ஆத்தா கொடுத்தது ஊரில் எல்லாக் கட்டையிலும் இருக்கிற சாதாரண வண்டு. காய்ச்சலோடு இருந்தவள் உனக்கு என்று முடிந்துகொண்டு வந்தாளே, அது போதாதா? நீ என்னோடு பேசாமல் இருந்தாலும் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. லீவுக்கு வராவிட்டாலும் ஏன் என்று கேட்கமாட்டேன்.

இதோடு ரிஜிஸ்டர் பார்சலில் ரெண்டு பொருள் வரும். ஒன்று, அந்த ஏழு வண்டும் உள்ள டப்பா. இன்னொன்று உன் நோட்டு. நீ வரைந்த அந்தப் பக்கத்தை மட்டும் பார். நான் பொய் சொன்ன அன்றைக்கு ராத்திரி நீ தூங்கினபிறகு அந்த நோட்டை எடுத்துப் பார்த்தேன். உன் வண்டுக்குச் சீப்பு மீசை இருந்தது. முதலில் வரைந்ததை ரப்பரால் அழித்துவிட்டு, நான் சொன்னபடி திருத்தி வரைந்திருந்தாய். அன்றையிலிருந்து அதை என் டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்திருக்கிறேன். நீ தேடினாய், தெரியாது என்று சொன்னேன், அது இன்னொரு பொய். இப்போது எனக்கு அந்தப் படம் தெரிவதில்லை, விரலால் தடவித்தான் பார்க்கிறேன். நீ பென்சிலை அழுத்தித்தான் எழுதுவாய், அழித்தும் தடம் போகவில்லை. ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பக்கத்தைச் சாய்த்துப் பிடி. சீப்புக்கு அடியில் நீ முதலில் போட்ட ரம்பப் பல் கோடு தெரியும். ஒரு மீசைக்குப் பதினொரு கணு, ஒவ்வொன்றாகப் போட்டிருக்கிறாய், ஒன்றுகூட விடவில்லை. நீ சரியாகத்தான் பார்த்தாய், தாயி. எண்ணிப் பார்.

அப்பா